ஷிப்ட் கிட் போட்ட பிறகு கியர் தகராறா? 47ஆர்ஈ, 48ஆர்ஈ டீசல் ட்ரக்குகளுக்கு அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல் இன்ஜினோடு டாட்ஜ் ராம் ட்ரக்குகளில் 1996 முதல் 2002 வரை வந்த ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் 47ஆர்ஈ. 2003 முதல் 2007 வரை வந்தது 48ஆர்ஈ. இரண்டும் ஒரே குடும்பம். கம்பெனி வைத்த ஆயில் பிரஷர் குறைவு, கியர் மாறும் நேரம் நீளம். சுமை இழுக்கும்போது கிளட்ச் வழுக்கித் தேய்வது இதனால்தான். அதைச் சரிசெய்ய வால்வ் பாடியில் (கியர்பாக்ஸுக்குள் ஆயிலை வழிநடத்தும் வால்வுகளின் தொகுதி) போடும் பாகத் தொகுப்புதான் ஷிப்ட் கிட். ரெகுலேட்டர் ஸ்பிரிங்கை மாற்றி லைன் பிரஷரை (பம்பிலிருந்து வரும் முக்கிய ஆயில் அழுத்தம்) உயர்த்தும், வால்வ் பாடியின் இரு பாதிகளுக்கு நடுவே உள்ள செபரேட்டர் பிளேட்டில் சில துளைகளைப் பெரிதாக்கி கிளட்சுக்கு ஆயிலைச் சீக்கிரம் கொண்டுபோகும்.

கிட் போட்டபின் வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் கிட் அல்ல. அதைப் போடுவதற்காகக் கழற்றி மாட்டிய மற்றவைதான்: த்ராட்டில் கேபிள், பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை) அட்ஜஸ்ட்மென்ட், வயரிங் கனெக்டர், ஆயில் அளவு. ஆகவே வால்வ் பாடியை மறுபடி இறக்க ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் வெளியிலிருந்து பார்க்கக் கூடியதையெல்லாம் பார்த்து முடியுங்கள். ஏற்கெனவே கருகிய கிளட்சை எந்தக் கிட்டும் பிழைக்க வைக்காது. ஆயில் பேனைக் கழற்றியபோது அடியில் கருப்புத் தூள் கெட்டியாகப் படிந்திருந்தால், ஆயிலில் தீய்ந்த வாடை அடித்தால், கிட் போட்டது வீண் வேலை. அந்தக் கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

எந்தப் புகாராக இருந்தாலும் முதலில் பார்க்க வேண்டிய நான்கு

ஆயில் அளவு. சமதளத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, லீவர் நியூட்ரலில் இருக்கும்போது டிப்ஸ்டிக் பாருங்கள். பார்க்கில் வைத்துப் பார்த்தால் அளவு தவறும். இந்தக் கியர்பாக்ஸில் பார்க் நிலையில் மேனுவல் வால்வ் (கியர் லீவர் நகர்த்தும் வால்வ்) கன்வெர்ட்டருக்கு (இன்ஜின் சுழற்சியை ஆயில் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) போகும் ஆயிலை அடைத்துவிடும். நியூட்ரலில்தான் கன்வெர்ட்டர் நிரம்பும், கூலருக்கும் ஆயில் ஓடும். வேலை முடிந்ததும் முதலில் 4 லிட்டர் ஏடிஎஃப் பிளஸ் 4 (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். பிரேக்கை மிதித்தபடி எல்லா கியருக்கும் லீவரை ஒருமுறை கொண்டுபோய், நியூட்ரலுக்குத் திரும்பி அளவு பார்த்து, அரை லிட்டர் அரை லிட்டராகச் சேருங்கள். இறுதி அளவை ஆயில் நன்றாகச் சூடானபின் பாருங்கள். அளவு கூடினாலும் கேடுதான். சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரைக்குப் பிரஷர் நிற்காது.

த்ராட்டில் கேபிள். ஆக்சிலரேட்டரை விட்டபோது கியர்பாக்ஸ் பக்கத்து லீவர் முன்பக்க எல்லையில் போய் நிற்க வேண்டும். கேபிளில் தொய்வும் கூடாது, லீவரை இழுத்துப் பிடிக்கவும் கூடாது. ஒருவர் பெடலை மெதுவாக அழுத்த, இன்னொருவர் கீழே பார்க்கட்டும். இன்ஜின் பக்க லீவர் அசையும் அதே கணத்தில் கியர்பாக்ஸ் லீவரும் அசையத் தொடங்க வேண்டும். இந்தக் கேபிள் கியர் மாறும் நேரத்தை மட்டும் தீர்மானிப்பதில்லை, லைன் பிரஷரையும் ஏற்றுகிறது. தொய்ந்த கேபிளோடு சுமை இழுத்தால் கிட் போட்டும் கிளட்ச் கருகும். கேபிளுக்குப் பதிலாக மோட்டார் வைத்து வந்த பிந்தைய 48ஆர்ஈ வண்டிகளில் இந்தக் கை அட்ஜஸ்ட்மென்ட் இல்லை. அங்கே ஸ்கேனரில் பிழைக் கோடு (code) பாருங்கள்.

பிழைக் கோடு. பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால் கோடு அழிந்திருக்கும். 20 நிமிடம் ஓட்டியபின் மறுபடி படியுங்கள்.

பிரஷர் கேஜ். இது இல்லாமல் செய்யும் சோதனையெல்லாம் ஊகம். கியர்பாக்ஸ் உடம்பில் உள்ள அக்யூமுலேட்டர் (கியர் மாறும் அதிர்ச்சியைத் தணிக்கும் பிஸ்டன்) போர்ட்டில் 1/8 அங்குல பைப் திரெட் இருக்கும், அங்கே கேஜை மாட்டுங்கள். ரிவர்ஸ் அளவைப் பார்க்க, பின்பக்க சர்வோ (பேண்டை இறுக்கும் பிஸ்டன்) போர்ட்டில் 300 பிஎஸ்ஐ வரை காட்டும் கேஜ் வேண்டும். டிரைவ் வீல்களைத் தரையிலிருந்து தூக்கி, தாங்கிகளில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை போட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

கம்பெனி அமைப்பில் வரவேண்டிய அளவுகள் இவை. லீவர் 1-ல், 1000 ஆர்பிஎம்மில், த்ராட்டில் லீவர் முன்னால் இருக்கும்போது 54 முதல் 60 பிஎஸ்ஐ. த்ராட்டில் லீவரைப் பின்னால் தள்ளத் தள்ளப் படிப்படியாக 90 முதல் 96 வரை ஏற வேண்டும். ரிவர்ஸில், 1600 ஆர்பிஎம்மில், முன் நிலையில் 145 முதல் 175, பின் நிலையில் 230 முதல் 280. கிட் போட்டபின் இவை எல்லாமே கூடும். எவ்வளவு என்பது உங்கள் கிட் தாளில் இருக்கும். கிட் போடும் முன்பே ஒருமுறை அளந்து எழுதி வைத்தவருக்குப் பாதி வேலை மிச்சம்.

கேஜ் பழைய அளவிலேயே நின்றால் புது ஸ்பிரிங் வேலை செய்யவில்லை. ஒன்று மாற்றாமல் விட்டிருக்கிறது, அல்லது ரெகுலேட்டர் வால்வ் அதன் குழியில் சிக்கியிருக்கிறது. தாளில் உள்ளதைவிட மிக அதிகமாகக் காட்டினால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள், வால்வ் மூடிய நிலையில் மாட்டிக்கொண்டிருக்கிறது. சிறிய வித்தியாசம் என்றால் அட்ஜஸ்ட்டர் ஸ்க்ரூ போதும். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 1⅔ பிஎஸ்ஐ மாறும், இடப்பக்கம் சுற்றினால் ஏறும், வலப்பக்கம் சுற்றினால் இறங்கும்.

அறிகுறி: டிரைவில் போட்டால் வண்டி நகரவே இல்லை, அல்லது நேரம் கழித்துப் பிடிக்கிறது

இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் தாமதித்துப் பிடித்தால், கன்வெர்ட்டரில் இருந்த ஆயில் பேனுக்கு வடிந்திருக்கிறது. நியூட்ரலில் 15 விநாடி ஓடவிட்டுப் பிறகு டிரைவில் போடுங்கள். உடனே பிடித்தால் வால்வ் பாடியில் தேட வேண்டியதில்லை. பார்க்கிலும் கன்வெர்ட்டரை நிரப்பும்படி ரெகுலேட்டர் பகுதியை மாற்றித் தரும் கிட்கள் உண்டு. அந்தப் பாகத்தைப் போட்டும் இந்தப் புகார் இருந்தால் அதைச் சரியாகப் போட்டோமா என்று பாருங்கள்.

எல்லா நேரமும் நகரவில்லை, கேஜிலும் பிரஷர் இல்லை என்றால் பில்டர்தான் முதல் சந்தேகம். பில்டர் ஸ்க்ரூக்களுக்கு 4 நியூட்டன் மீட்டர் போதும். கேஸ்கெட் மடிந்தோ, ஒரு பக்கம் மட்டும் இறுகியோ இருந்தால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும். அப்போது ஸ்டியரிங் பம்ப் போல ‘உய்’ என்று ஒரு சத்தம் வரும், டிப்ஸ்டிக்கில் நுரை தெரியும்.

பிரஷர் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் கியர் லீவரைப் பாருங்கள். வால்வ் பாடியை இறக்கும்போது மேனுவல் லீவருக்கும் உடலுக்கும் நடுவே உள்ள சிறிய டிடென்ட் பாலும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடும். அது இல்லாமல் மாட்டினால் லீவர் ஒவ்வொரு நிலையிலும் ‘டக்’ என்று நிற்காது, மேனுவல் வால்வ் பாதித் துளையில் நின்றுவிடும். கேபினில் டி என்று காட்டும், உள்ளே அது டி ஆக இருக்காது.

அறிகுறி: வண்டி மூன்றாம் கியரில் கிளம்புகிறது, இழுவையே இல்லை

கவர்னர் பிரஷர் என்பது வண்டியின் வேகத்தை வால்வுகளுக்குச் சொல்லும் ஆயில் அழுத்தம். அதைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டுக்கு (மின்சாரத்தால் இயங்கும் வால்வ்) மின்சாரம் போகாவிட்டால் கவர்னர் பிரஷர் முழுமையாக ஏறி நிற்கும். ‘வண்டி வேகமாக ஓடுகிறது’ என்று வால்வுகள் எண்ணிக்கொண்டு மூன்றாம் கியரில் உட்கார்ந்துவிடும். இந்தக் குடும்பத்தில் இதுதான் பாதுகாப்பு நிலை.

அதோடு ஓவர்டிரைவும் (நான்காம் கியர்) இல்லை, லாக்-அப்பும் (கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் கிளட்ச்) இல்லை என்றால் மூன்றையும் தனித்தனியாகத் தேடாதீர்கள். கவர்னர், ஓவர்டிரைவ், லாக்-அப் மூன்று சோலனாய்டுகளுக்கும் 12 வோல்ட் ஒரே ரிலே வழியாக வருகிறது. பியூஸ், ரிலே, கியர்பாக்ஸ் பக்கத்தில் இருக்கும் பெரிய வட்டக் கனெக்டர் ஆகியவற்றை அந்த வரிசையில் பாருங்கள். வால்வ் பாடியை ஏற்றும்போது இந்தக் கனெக்டரைத் துளை வழியே வெளியே தள்ள வேண்டும். அதன் ஓ-ரிங் உலர்ந்திருந்தால் பாதியில் நிற்கும், வெளிப்பக்க பிளக் பொருந்தியது போல் தோன்றும், பின்கள் தொட்டிருக்காது. ஓ-ரிங்கில் கொஞ்சம் ஏடிஎஃப் தடவி நேராகத் தள்ளினால் உட்காரும்.

முதல் கியருக்கு இறங்காமல் இரண்டாம் கியரிலேயே கிளம்புகிறது, பி1757 கோடு வருகிறது என்றால் கதை வேறு. வண்டி நிற்கும்போது கவர்னர் பிரஷர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், 3 பிஎஸ்ஐக்கு மேல் இருந்தால் இந்தக் கோடு விழும். கிட் போட்ட உடனே இது வந்தால் பிளேட்டில் துளை போட்ட உலோகத் துருவல்தான் பெரும்பாலும் காரணம். தலைமுடி தடிமன் சுருள் ஒன்று சோலனாய்டுக்குள் சிக்கினாலே ஆயில் முழுதாக வடியாது. சோலனாய்டைக் கழற்றிக் கழுவிப் பார்க்கலாம். திரும்பவும் வந்தால் சோலனாய்டையும் சென்சாரையும் சேர்த்தே மாற்றுங்கள். பி1763, பி1764 என்றால் சென்சார் வோல்டேஜ் கூடுதல் அல்லது குறைவு. அதற்கு வயர், கனெக்டர், சென்சார் என்ற வரிசையில் போங்கள், ஆயில் பக்கம் போக வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தால் கவர்னர் பிரஷர் மணிக்கு ஒரு மைலுக்கு ஏறக்குறைய ஒரு பிஎஸ்ஐ என்ற கணக்கில் ஏறும். கவர்னர் போர்ட்டில் கேஜை மாட்டினால் ஸ்கேனர் இல்லாமலேயே இதைப் பார்த்துவிடலாம்.

அறிகுறி: ஒன்றிலிருந்து இரண்டு மாறும்போது அடி விழுகிறது, அல்லது வழுக்குகிறது

இரண்டாம் கியரில் பின் கிளட்ச் பிடித்திருக்க, முன் பேண்ட் டிரம்மை இறுக்குகிறது. ஆகவே இந்த மாற்றத்தில் வரும் எந்தக் கோளாறும் முன் பேண்ட், அதன் சர்வோ, அக்யூமுலேட்டர் மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

குளிர்ந்த ஆயிலில் மட்டும் அடித்தால் காத்திருங்கள், சூடானபின் தீர்ப்பு சொல்லுங்கள். சூட்டிலும் லேசாக மிதிக்கும்போதே அடித்தால் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா பாருங்கள். கேபிளை ஒரு பல் தளர்த்தியதும் குணமானால் அங்கே நிறுத்துங்கள். அதற்கு மேல் தளர்த்தி மென்மை தேடாதீர்கள், அந்த மென்மைக்கு விலை கிளட்ச். கேபிளில் மாற்றமில்லை என்றால் அக்யூமுலேட்டர் பிஸ்டன் சிக்கியிருக்கிறது, அல்லது அதன் ஸ்பிரிங் விடுபட்டிருக்கிறது. வால்வ் பாடிக்கும் கேஸுக்கும் நடுவே நிற்கும் இந்தப் பிஸ்டன் வால்வ் பாடியை இறக்கும்போது கையோடு வந்துவிடும், அல்லது தரையில் விழும். எந்த ஸ்பிரிங் எந்தப் பக்கம் இருந்தது என்று படம் பிடித்து வைப்பது இதற்காகத்தான். இன்னொரு சாத்தியம்: கிட் தாளில் சாதாரண ஓட்டத்துக்கும் கடும் சுமைக்கும் தனித்தனித் துளை அளவு இருக்கும், பெரியதைப் போட்டிருப்பீர்கள். போட்ட துளையைச் சிறிதாக்க வழியில்லை, புதுப் பிளேட் வேண்டும்.

வழுக்கினால் பேண்ட் தொய்வு. முன் பேண்ட் ஸ்க்ரூ கேஸின் இடப்பக்கம் வெளியிலேயே இருக்கிறது, பேனைக் கழற்ற வேண்டாம். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ கையால் சுற்றும்படி சுழல்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு 72 இஞ்ச் பவுண்டுக்கு, அதாவது 8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். அங்கிருந்து 47ஆர்ஈ என்றால் 1⅞ சுற்று, 48ஆர்ஈ என்றால் 1¾ சுற்று பின்னால் திருப்புங்கள். ஸ்க்ரூ தலையில் சாக்பீஸ் கோடு போட்டால் எண்ணிக்கை தவறாது. ஸ்க்ரூவை அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை 41 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். நட்டோடு ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பினால் முதலிலிருந்து செய்யுங்கள். பேண்ட் லீவரை வேறு விகிதத்தில் மாற்றியிருந்தால் இந்தச் சுற்றுக் கணக்கு பொருந்தாது, லீவரோடு வந்த அளவைப் பின்பற்றுங்கள்.

அறிகுறி: இரண்டிலிருந்து மூன்று மாறும்போது இன்ஜின் தனியே இரைகிறது, அல்லது பிரேக் போட்டது போல் வண்டி குனிகிறது

இந்தக் கியர்பாக்ஸில் மிக நுணுக்கமான இடம் இதுதான், பலர் தவறான முடிவுக்கு வருவதும் இங்கேதான். இந்த மாற்றத்தில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். முன் பேண்ட் விடுபட வேண்டும், முன் கிளட்ச் பிடிக்க வேண்டும். கிளட்சுக்குப் போகும் ஆயிலே சர்வோவைத் தள்ளிப் பேண்டையும் விடுவிக்கிறது.

பேண்ட் முதலில் விட்டு, கிளட்ச் தாமதித்தால் நடுவில் இன்ஜினுக்குப் பிடிமானம் இல்லை, ஆர்பிஎம் எகிறும். கிளட்ச் பிடித்தும் பேண்ட் விடாவிட்டால் இரண்டும் மல்லுக்கட்டும், வண்டி குனியும்.

இரைச்சலுக்கு முதலில் கேபிள், அடுத்து பேண்ட் சுற்று, அதன் பிறகே வால்வ் பாடி. மூன்றும் சரி என்றால் முன் கிளட்சிலோ அதன் சீல்களிலோ கசிவு. இந்தக் கிளட்ச் ரிவர்ஸிலும் வேலை செய்வதால், ‘ரிவர்ஸ் நன்றாகப் பிடிக்கிறதே, கிளட்ச் நன்றாகத்தான் இருக்கும்’ என்று பலர் சொல்வார்கள். அது தவறு. ரிவர்ஸில் லைன் பிரஷர் முன்னோக்கு கியரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் தேய்ந்த கிளட்சும் பிடித்துவிடும். 60 பிஎஸ்ஐயில் பிடிக்கிறதா என்பதுதான் கேள்வி. மூன்றாம் கியரில் மேட்டில் மெதுவாகச் சுமை ஏற்றி, ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாமல் நின்றால் விடை கிடைத்துவிட்டது, பெட்டியைப் பிரியுங்கள்.

வண்டி குனிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுப் பேண்டைப் பாருங்கள், கூடுதலாக இறுகியிருக்கும். அட்ஜஸ்ட்மென்ட் சரியாக இருந்தும் குனிந்தால் செக் பால் (ஆயிலை ஒரு பக்கம் மட்டும் விடும் சிறு குண்டு) இடம் மாறியிருக்கிறது. சில குழிகளைக் காலியாக விடும்படி கிட் தாள் சொல்லும். பழக்க தோஷத்தில் அங்கேயும் பாலைப் போட்டுவிடுவது சகஜம். இந்த மாதிரி நூறு மைல் ஓடினால் பேண்ட் லைனிங் தூளாகிப் பேனில் கிடக்கும்.

அறிகுறி: ரிவர்ஸ் மட்டும் இல்லை அல்லது வழுக்குகிறது

ரிவர்ஸில் முன் கிளட்சும் பின் பேண்டும் வேலை செய்கின்றன. பின் சர்வோ போர்ட்டில் கேஜ் வையுங்கள். பிரஷர் முழுதாக வருகிறது, வண்டி நகரவில்லை என்றால் பின் பேண்ட் தொய்வு அல்லது லீவரிலிருந்து நழுவியிருக்கிறது. இந்த ஸ்க்ரூ பேனுக்குள் இருக்கிறது. 8 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி 3 சுற்று பின்னால் திருப்பி, லாக் நட்டை 34 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பிரஷரே வரவில்லை என்றால் விடுபட்ட செக் பால், சர்வோ சீல், மேனுவல் வால்வின் நிலை. டிரைவுக்கு மாற்றினால் அந்தப் போர்ட்டில் கேஜ் பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்காமல் கொஞ்சம் நின்றால் வால்வ் பாடிக்குள் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு ஆயில் கசிகிறது.

அறிகுறி: நான்காம் கியர் வரவில்லை, அல்லது மணிக்கு 45 மைல் வேகத்துக்குப் பக்கத்தில் லாக்-அப் விட்டுவிட்டுப் பிடிக்கிறது

மிகக் குளிர்ந்த ஆயிலில் கணினியே நான்கைத் தடுக்கும். சூடாக்கிவிட்டுப் பேசுங்கள். சூட்டிலும் வரவில்லை என்றால் ஓவர்டிரைவ் பட்டன், சோலனாய்டு வயர், ஸ்க்ரூ தளர்வு, இவற்றைப் பாருங்கள், அவ்வளவுதான். த்ராட்டில் கேபிள் அதிக இறுக்கமாக இருந்தாலும் நான்கு தள்ளிப்போகும்.

லாக்-அப் பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஆடினால் ஷிப்ட் கிட்டைக் குறை சொல்லாதீர்கள். ஆல்டர்னேட்டர் டயோடு கெட்டால் மின்சாரத்தில் அலை கலந்து த்ராட்டில் சென்சார் சிக்னலைக் குழப்பும், கணினி லாக்-அப்பை விட்டுவிடும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் ஆல்டர்னேட்டரை மாற்றுங்கள். பேட்டரி எர்த் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் இதில் அடக்கம்.

அறிகுறி: ஆயில் சூடேறுகிறது

நியூட்ரலில் ஐடிலில் ஓடவிட்டு, கூலரிலிருந்து திரும்பும் பைப்பை ஒரு அளவுப் பாத்திரத்தில் விடுங்கள். ஏறக்குறைய ஒரு லிட்டர் நிரம்ப 20 விநாடிக்கு மேல் ஆனால், அல்லது விட்டு விட்டு வந்தால், ஓட்டம் போதாது. லைனில் உள்ள ஒருவழி வால்வில் தூள் அடைவது வழக்கம், கூலரைச் சந்தேகிக்கும் முன் அதைப் பாருங்கள். சூடான ஆயில் தோலை உரிக்கும், கையுறை போட்டுச் செய்யுங்கள்.

வால்வ் பாடியை மறுபடி இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால்

இந்த வால்வ் பாடியின் பாதிகளுக்கு நடுவே கேஸ்கெட் கிடையாது. உலோகத்தோடு உலோகம் ஒட்டித்தான் ஆயிலை அடைக்கிறது. ஆகவே துளை போட்ட பிளேட்டின் இரு பக்கமும் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் சிறிதும் தட்டக் கூடாது. தட்டினால் தட்டையான நுண் அரத்தால் தேய்த்துக் கழுவி, காற்றடித்து உலர்த்துங்கள். துணியால் துடைக்காதீர்கள், நூல் பிசிறு ஒன்று ஒரு சோலனாய்டைக் கெடுக்கப் போதும்.

ஒவ்வொரு வால்வையும் ஸ்பிரிங் இல்லாமல் அதன் குழியில் விட்டு, பாடியைச் சாய்த்துப் பாருங்கள். வால்வ் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் வால்வைச் சுழற்றி மறுபடி விடுங்கள். ஒரே இடத்தில் நின்றால் குழியில் பிசிறு இருக்கிறது, வால்வின் கூர் விளிம்பை மழுக்காமல் அந்தப் பிசிறை மட்டும் எடுங்கள். விளிம்பு மழுங்கினால் தூள் அதன் இடுக்கில் ஏறி மறுபடி சிக்கும்.

செக் பால்களை வாசலின் தொட்டு அதனதன் குழியில் ஒட்டவையுங்கள், கிரீஸ் வேண்டாம். அளவு எல்லாம் ஒன்றே என்று எண்ணிவிடாதீர்கள். உள் ஸ்க்ரூக்களுக்கு 4 நியூட்டன் மீட்டர். கேஸோடு பிடிக்கும் போல்ட்டுகளுக்கு 12, நடுவிலிருந்து வெளியே. பேன் போல்ட்டுகளுக்கு சுமார் 14.

ஏற்றும்போது பார்க்கிங் ராடு அதன் தாங்கிக்குள் நுழைய வேண்டும். நுழையாமல் முட்டினால் புரொபெல்லர் ஷாப்ட்டை ஒருவர் கையால் லேசாகத் திருப்பட்டும், ராடு தானே உள்ளே போகும். போல்ட்டுகளை இறுக்கி வால்வ் பாடியை மேலே இழுக்க முயலாதீர்கள், அலுமினிய உடல் வளையும். வளைந்த உடலில் எந்த வால்வும் ஒழுங்காக நகராது, கேஜில் முன்பு சரியாக இருந்த அளவுகளும் கலைந்துவிடும். ஏற்றி முடித்ததும் லீவரை எல்லா நிலைக்கும் கொண்டுபோய், பார்க்கில் சக்கரம் பூட்டுகிறதா என்று கையால் தள்ளிப் பார்த்தபின் பேனை மூடுங்கள்.